தலையில் மாட்டும் முன் அளந்து பாருங்கள்: அறுவை அரங்கில் ஏ.ஆர். ஹெட்செட், புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் அப்பா கொத்தனார். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெங்களூருக்கு வந்து ஸ்ரீராமபுரத்தில் குடியேறியவர். சுவர் எழுப்பும்போது தூக்குக்குண்டை ஒரு முகத்தில் மட்டும் பிடித்துவிட்டு நகர மாட்டார். பக்கத்து முகத்திலும் பிடிப்பார். "எதிர்ல நின்னு பாத்தா எல்லாச் சுவரும் நேராத்தாண்டா தெரியும்" என்பார். நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கும் சுவரை எதிரில் நின்று கண்டுபிடிக்க முடியாது. பயோமெடிக்கல் படித்து, மருத்துவமனை வேலைக்கு வந்து, ஸ்கேன் படத்தை உடம்பின் மேலேயே காட்டும் ஹெட்செட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் அந்தப் பேச்சின் எடை எனக்குப் புரிந்தது.

சேலம், ஈரோடு, ஓசூர் என்று பல ஊர்களிலிருந்து கல்லூரி முடித்த கையோடு பெங்களூர் மருத்துவமனைகளுக்கும் கருவி நிறுவனங்களுக்கும் வரும் இன்ஜினியர்கள், தியேட்டர் டெக்னீஷியன்கள், ஆர்வமுள்ள ரெசிடென்ட் டாக்டர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நோயாளியைத் தொடுவதற்கு முந்தைய கட்டம் வரைக்கும்தான் இது வழி காட்டும். அதற்கு அப்பால் அறுவை மருத்துவரின் பொறுப்பும் அனுமதிகளும் இல்லாமல் ஒரு அடிகூட வைக்கக் கூடாது.

படம் பார்த்துச் செய்யும் சிகிச்சை புதிதல்ல. அல்ட்ராசவுண்டு பார்த்துக்கொண்டே ஊசி போடுவது, சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்து முதுகெலும்பில் ஸ்குரூ முடுக்குவது, சி.டி. எடுத்து நுரையீரல் கட்டியிலிருந்து சதை எடுப்பது எல்லாம் அந்த வகைதான். இவற்றில் கை ஒரு பக்கம் இருக்க, மானிட்டர் வேறு பக்கம் இருக்கிறது. டாக்டரின் கழுத்து இரண்டுக்கும் நடுவே திரும்பிக்கொண்டே இருக்கிறது. மிகை மெய்ம்மை எனப்படும் ஏ.ஆர்., அந்தப் படத்தைக் கை இருக்கும் இடத்துக்கே கொண்டுவருகிறது. 1992-லேயே அமெரிக்காவின் வடக்குக் கரோலினா பல்கலைக்கழகத்தில், ஒரு கர்ப்பிணியின் வயிற்றுக்குள்ளேயே அல்ட்ராசவுண்டு படம் தெரிவதுபோலத் தலைக்கருவியில் காட்டினார்கள். 2019 டிசம்பரில் ஆக்மெடிக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்விஷன் என்ற முதுகெலும்பு வழிகாட்டி ஹெட்செட்டுக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி கிடைத்தது. இடையில் ஓடியவை 27 ஆண்டுகள். படத்தைக் காட்டுவது அன்றே முடிந்துபோன காரியம். சரியான இடத்தில் நிறுத்திக் காட்டுவதுதான் இத்தனை காலம் பிடித்தது.

முதல் படி: மானிட்டரை மட்டும் நகர்த்துங்கள்

வந்தவுடனேயே எல்லாரும் ஆசைப்படுவது, தோலுக்குள்ளே எலும்பு மிதப்பதுபோல் காட்டுவதற்குத்தான். அதை ஒத்திப்போடுங்கள். முதலில், சி-ஆர்ம் அல்லது அல்ட்ராசவுண்டு மானிட்டரில் ஓடும் அதே படத்தை ஹெட்செட்டில் ஒரு தட்டையான திரையாக, டாக்டரின் கைக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். இதில் உடம்போடு எதையும் பொருத்த வேண்டியதில்லை. அதனால் பொருத்தப் பிழையும் இல்லை. கழுத்து திரும்புவது குறையும். அணிபவருக்கு எடையும் கண்சோர்வும் எப்படி இருக்கின்றன என்பதும் தெரிந்துவிடும்.

இங்கே பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: தாமதம். கைபேசியில் மில்லிநொடி வரை எண் ஓடும் ஸ்டாப்வாட்ச்சை வைத்து, அதை மானிட்டர் வழியாக ஹெட்செட்டுக்கு அனுப்புங்கள். நேரில் தெரியும் எண்ணையும் ஹெட்செட்டில் தெரியும் எண்ணையும் ஒரே போட்டோவில் பிடித்தால் வித்தியாசம் கிடைத்துவிடும். மருத்துவமனை வைஃபை வழியாக அனுப்பினால் காலை ஓ.பி. நேரத்தில் ஒரு எண் வரும், இரவில் வேறொரு எண் வரும். நெரிசல் நேரத்து எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

கருவியைப் பற்றி

பல ஆய்வுக்கூடங்களில் உங்கள் கைக்கு முதலில் வருவது ஹோலோலென்ஸ் 2 ஆகத்தான் இருக்கும். எடை 566 கிராம். தயாரிப்பை நிறுத்திவிட்டதாக மைக்ரோசாஃப்ட் 2024 அக்டோபரில் அறிவித்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 முடியும் வரை உண்டு. பழக இது போதும். ஆனால் ஐந்தாண்டுத் திட்டத்தை இதை நம்பி எழுதாதீர்கள். மேஜிக் லீப் 2-இன் தலைப்பகுதி 260 கிராம்தான். கணினிப் பகுதி இடுப்பில் தொங்கும். இரண்டிலுமே கண்ணாடி வழியாக நிஜ உலகம் நேராகத் தெரியும். ஆப்பிள் விஷன் புரோ, மெட்டா குவெஸ்ட் 3 ஆகியவை கேமரா எடுத்த வீடியோவைத்தான் கண்ணுக்குக் காட்டுகின்றன. கருவி செயலிழந்தால் டாக்டருக்கு முன்னால் இருட்டுதான். நோயாளியின் மேல் குனிந்து வேலை செய்யும் இடத்தில் எனக்குக் கண்ணாடி வகையின் மேல்தான் நம்பிக்கை.

கண்ணாடி வகையில் ஒரு குறை உண்டு. அதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போகக் கூடாது. ஹோலோலென்ஸில் படத்தின் ஒளி சுமார் 2 மீட்டர் தொலைவில் குவியும்படி அமைத்திருக்கிறார்கள். அறுவை செய்யும் கை 50, 60 சென்டிமீட்டரில் இருக்கிறது. கையைப் பார்த்தால் படம் மங்கும், படத்தைப் பார்த்தால் கை மங்கும். படம் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்ற கணிப்பும் தடுமாறும். இது உங்கள் நிரலின் தவறு அல்ல, ஒளியியலின் எல்லை. அதனால்தான் பிளேடின் முனையை நுணுக்கமாக நடத்தும் வேலைக்கு இதை நம்பக் கூடாது என்கிறேன். எங்கே துளையிடுவது, எந்தச் சாய்வில் போவது என்பதைக் காட்ட இது உதவும்.

இன்னொன்று: கறுப்பு நிறம் இதில் தெரியாது. கறுப்பு என்றால் ஒளி இல்லை என்றுதான் பொருள், அந்த இடம் வெறும் கண்ணாடியாகிவிடும். தியேட்டர் விளக்கு 40,000 லக்ஸிலிருந்து தொடங்குகிறது. அதன் கீழே மெல்லிய நிறங்களும் கரைந்துபோகும். பளிச்சென்ற பச்சையோ மஞ்சளோ எடுத்துக்கொண்டு, நிரப்பிய வடிவத்துக்குப் பதில் வெளிக்கோடாக வரையுங்கள். அடியில் இருக்கும் நிஜ உடம்பு மறையாமல் இருக்கவும் அதுவே நல்லது.

கடல்பாசியில் ஒரு மாதிரி உடம்பு

பழகுவதற்குப் பிளாஸ்டிக் மண்டையோடு வாங்கலாம், முப்பரிமாண அச்சிலும் எடுக்கலாம். நான் புதியவர்களிடம் சொல்வது கடல்பாசி, அதாவது அகர் அகர். ரம்ஜான் மாதத்தில் நம் வீடுகளில் இனிப்புச் செய்கிறார்களே, அதேதான். சிவாஜிநகர் ரசல் மார்க்கெட் பக்கம் போனால் கிடைக்கும். பொடியாக வாங்கி ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் கணக்கில் காய்ச்சினால், ஊசி குத்துமளவுக்கு மென்மையாகவும் வடிவம் கலையாத அளவுக்கு உறுதியாகவும் உறையும்.

ஆனால் ஊற்றுவதற்கு முன்பே உள்ளே குறிகளை நட்டுவிட வேண்டும். மூங்கில் குச்சிகளை வெவ்வேறு உயரத்தில் வெட்டி, ஒவ்வொன்றின் நுனியிலும் 4 மி.மீ. அளவுக் கண்ணாடிப் பாசிமணி ஒன்றை ஒட்டி, டப்பாவின் அடியில் ஆடாமல் பதியுங்கள். கண்ணாடி மணி சி.டி.யில் பளிச்சென்று தெரியும். இரும்புக் குண்டைப்போலச் சுற்றிலும் கதிர்க்கோடுகளைப் பரப்பிப் படத்தைக் கெடுக்காது. மணியின் துளை மேலே பார்த்து இருந்தால் ஊசி முனை அதில் போய் உட்காரும். டப்பாவின் வெளியேயும் ஆறு ஏழு மணிகளை ஒட்டுங்கள். படத்தையும் பொருளையும் பொருத்தப் போவது இவற்றை வைத்துத்தான். கடைசியாக, காய்ச்சிய பாசியில் கொஞ்சம் காபி டிகாக்‌ஷனை விட்டுக் கலக்குங்கள். உள்ளே இருக்கும் மணி வெளியே தெரிந்தால் உங்கள் கை ஹெட்செட்டை விட்டுவிட்டு மணியைப் பார்த்தே குத்திவிடும், அளவு பொய்யாகிவிடும்.

பாசி காயக் காயச் சுருங்கும். மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இரண்டு நாளுக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

சி.டி.க்கு ரேடியாலஜி துறையிடம் முறையாக அனுமதி கேளுங்கள். நோயாளிகள் முடிந்த பிறகு ரேடியோகிராஃபரே எடுத்துத் தரட்டும். அவரிடம் சொல்ல வேண்டியவை இரண்டு: ஸ்லைஸ் (ஸ்கேன் எடுக்கும் ஒவ்வொரு குறுக்கு அடுக்கு) தடிமன் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. கேன்ட்ரியை (ஸ்கேனரின் வளையப் பகுதியை) சாய்க்காமல் எடுக்க வேண்டும். வழக்கமான 5 மி.மீ. ஸ்லைஸில் எடுத்தால் உருவம் படிக்கட்டுபோல வரும். சாய்த்து எடுத்ததைச் சரிசெய்யாமல் அடுக்கினால் உருவமே ஒரு பக்கம் தள்ளிப்போகும்.

படத்திலிருந்து உருவம்: இடமும் வலமும்

த்ரீடி ஸ்லைசர் இலவச மென்பொருள். ஸ்கேன் படங்கள் சேமிக்கப்படும் டைகாம் கோப்புகளை அதில் திறந்து, வேண்டிய பகுதியைப் பிரித்தெடுத்து, மேற்பரப்பு உருவமாக மாற்றலாம். எலும்புக்கும் கண்ணாடி மணிக்கும் அடர்த்தி வரம்பு ஒன்றைக் கொடுத்தாலே போதும். ஈரல், கட்டி போன்றவற்றுக்குக் கையால் திருத்த வேண்டியிருக்கும். உருவத்தை மழமழவென்று ஆக்கும் கருவியை அளவோடு பயன்படுத்துங்கள். அழகு கூடக்கூட மெல்லிய ரத்தக்குழாய்கள் இளைத்துக் காணாமல்போகும். ஹெட்செட் திணறாமல் இருக்க, உருவத்தின் மேற்பரப்பை ஆக்கும் சின்ன முக்கோணங்களை ஒரு லட்சத்துக்குள் குறைத்துக்கொள்வது என் பழக்கம். ஸ்லைசர் ஆய்வுக்கான மென்பொருள், சிகிச்சைக்கு அனுமதி பெற்றதல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நான் செய்த பெரிய தவறு இந்தப் படியில்தான். பிளாஸ்டிக் மண்டையோட்டில் வலது பக்கம் ஒரு செயற்கைக் கட்டி வைத்து, மூத்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவருக்குக் காட்டினேன். கட்டி மிக அழகாக, அசையாமல், இடது பக்கத்தில் தெரிந்தது. அவர் ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மண்டையோட்டுக்குப் பதிலாக ஒரு மனிதர் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே மனதில் ஓடியது.

காரணம் எளியது. டைகாம் கணக்கில் முதல் அச்சு நோயாளியின் இடப்பக்கம் நோக்கியும் இரண்டாவது முதுகுப்பக்கம் நோக்கியும் வளரும். ஸ்லைசர் தனக்குள் வலப்பக்கம், முன்பக்கம் என்று கொள்கிறது. ஹெட்செட்டுக்கு நிரல் எழுத நாம் எடுக்கும் யூனிட்டி, இடக்கை அச்சு முறையில் (மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் ஓர் அச்சு எதிர்த்திசையில் இருக்கும் முறை) நடக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் யாராவது ஒரு கழித்தல் குறியைப் போடுவார்கள். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ உருவம் கண்ணாடிப் பிம்பமாகிவிடும். மண்டையோடு இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் பார்வைக்குப் பொருந்தியே தெரியும்.

அன்று முதல் என் மாதிரிகள் எல்லாவற்றிலும் வலது பக்கத்தில் பாசிமணி கோத்த நூலால் 'வ' என்ற எழுத்தை ஒட்டிவிடுகிறேன். ஸ்கேனிலும் அது வரும், ஹெட்செட்டிலும் வரும். எழுத்து திரும்பித் தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிடலாம். நீங்களும் இதைச் செய்யுங்கள். (அளவு அலகையும் கூடவே பாருங்கள். ஸ்கேன் மில்லிமீட்டரில் பேசும், யூனிட்டி மீட்டரில் பேசும். மாற்ற மறந்தால் தலை ஆயிரம் மடங்கு வளர்ந்து நிற்கும். அந்தத் தவறு உடனே கண்ணில் படும் என்பதால் ஆபத்து குறைவு.)

பொருத்துதல்

புள்ளிக் கோலம் போட்டவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஸ்கேனில் உள்ள வெளிமணிகளின் இடங்கள் ஒரு புள்ளி வரிசை. டப்பாவில் உள்ள நிஜ மணிகள் இன்னொரு புள்ளி வரிசை. இவற்றை மார்க்கர் (ஹெட்செட் கேமரா அடையாளம் காணும் கறுப்பு வெள்ளைச் சதுரக் குறி) ஒட்டிய சுட்டுகோலால் ஒவ்வொன்றாகத் தொட்டு ஹெட்செட்டுக்குச் சொல்கிறோம். ஒன்றைத் திருப்பி, நகர்த்தி மற்றொன்றின் மேல் உட்காரவைக்கும் கணக்கு 1987-லேயே வந்துவிட்டது. கணக்கு தவறாது, நாம் வைக்கும் புள்ளிதான் தவறும்.

மணிகளை ஒரே பக்கத்தில் கூட்டமாக ஒட்டாதீர்கள். ஒரே தளத்திலும் வேண்டாம். இலக்கைச் சுற்றி நாலாபக்கமும் பரவியிருக்கட்டும். நெற்றியில் மட்டும் நான்கு மணி ஒட்டிவிட்டுப் பின்மண்டையில் இலக்கு வைத்தால், நெற்றியில் நடக்கும் சின்னப் பிசகு பின்னால் போகப்போகப் பெருகும். ஒரு பாகை திரும்பல் 10 சென்டிமீட்டர் தள்ளி 1.7 மி.மீ. ஆகிவிடும். நடு மார்பு முதுகெலும்பில் ஸ்குரூ நுழைய வேண்டிய எலும்புப் பாலத்தின் அகலமே 4, 5 மி.மீ. என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணக்கு முடிந்ததும் மென்பொருள் ஒரு பிழை எண் காட்டும்: 0.8 மி.மீ. என்பதுபோல. புதியவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். அது, தொட்ட மணிகள் தங்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண் மட்டுமே. உள்ளே இருக்கும் இலக்கில் எத்தனை பிழை என்று அது சொல்லாது. அந்த எண் சிறியதாகவும் இலக்கில் பிழை பெரியதாகவும் இருக்க முடியும். இலக்கின் பிழையைத் தனியாக அளந்தே ஆக வேண்டும்.

முதல் வாரத்துக்கு ஸ்கேன்கூட வேண்டாம், கிராஃப் பேப்பர் போதும். தட்டையான பலகையில் ஒட்டுங்கள். மூலையில், ஆருக்கோ என்ற வகை மார்க்கரைப் பளபளப்பில்லாத தாளில் அச்சிட்டு, வளையாத அக்ரிலிக் துண்டில் ஒட்டி வையுங்கள். குறிப்பிட்ட கட்டத்தில் ஒரு கூட்டல் குறி தெரியும்படி ஹெட்செட்டில் அமையுங்கள். குறி எங்கே தெரிகிறதோ அங்கே பேனாவால் புள்ளி வையுங்கள். தாளில் எண்ணினால் மில்லிமீட்டர் கிடைத்துவிடும்.

இங்கேதான் அப்பாவின் தூக்குக்குண்டு. நேர் எதிரில் நின்று வைத்த புள்ளிகள் சரியாக விழுந்தவுடன் முடித்துவிடாதீர்கள். குறி தாளுக்கு 5 மி.மீ. மேலேயோ கீழேயோ மிதந்தாலும், நேராகப் பார்க்கும் கண்ணுக்கு அது தாளின் மேலேயே இருப்பதுபோலத்தான் இருக்கும். பார்வைக்கோட்டின் திசையில் ஒளிந்திருக்கும் பிழையை அந்தக் கோட்டில் நின்று பார்க்க முடியாது. இடப்பக்கம் நகர்ந்து பாருங்கள், பிறகு வலப்பக்கம். குறி தாளின் மேல் வழுக்கிக்கொண்டு போனால் ஆழம் தவறு. பத்துப் புள்ளி, மூன்று திசை, ஆக முப்பது அளவுகள். சராசரியையும் எழுதுங்கள், எல்லாவற்றிலும் மோசமான அளவையும் எழுதுங்கள். டாக்டரிடம் இரண்டையும் சொல்ல வேண்டும்.

அணிபவர் மாறினால் கண் கேலிபரேஷனை (அவர் கண்ணுக்கு ஏற்பக் கருவியைச் சரிசெய்வதை) மறுபடி செய்யுங்கள். வேகத்தையும் சோதியுங்கள். மார்க்கரை ஹெட்செட் கேமரா கண்டுபிடித்துக் காட்டுவதற்கு 50 மில்லிநொடி ஆகிறது என்று வையுங்கள். கை நொடிக்கு 10 சென்டிமீட்டர் நகர்ந்தால் படம் 5 மி.மீ. பின்தங்கி வரும். நகர்த்து, நிறுத்து, படம் அடங்கட்டும், பிறகு பார் என்ற ஒழுங்கைக் கையில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் கைவந்த பிறகு கடல்பாசி டப்பா. மணியின் துளையை நோக்கி ஊசியைச் செலுத்தி, எடுக்காமல் அப்படியே மறுபடி ஸ்கேன் எடுத்து, ஊசி முனைக்கும் மணிக்கும் உள்ள தூரத்தை ஸ்லைசரில் அளந்து பாருங்கள்.

டப்பா அசையாது, மூச்சு விடாது. மனித ஈரல் ஒவ்வொரு மூச்சுக்கும் சென்டிமீட்டர் கணக்கில் ஏறி இறங்கும். மூளை உறையைத் திறந்ததும் மூளை தாழும். நேற்று எடுத்த ஸ்கேனோடு இன்றைய உடம்பு ஒத்துப்போகும் என்ற நம்பிக்கை எலும்புக்கே அதிகம் பொருந்தும். இந்தத் துறை முதுகெலும்பில் முதலில் வேர்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே மார்க்கரை எலும்பிலேயே கவ்வவிட முடிகிறது.

தியேட்டருக்குள்

முதல் முறை பார்வையாளராக மட்டும் போங்கள். நான் அப்படிப் போன நாளில், கோலார் தங்கவயலைச் சேர்ந்த மூத்த சிஸ்டர் ஒருவர் ஹெட்செட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, இது எவ்வளவு தள்ளிக் காட்டும்?"

"நல்லா பொருந்துது சிஸ்டர்."

"அதக் கேக்கல. எத்தன மில்லிமீட்டர்? நம்பர் சொல்லு."

என்னிடம் எண் இல்லை. நான் முப்பது அளவுகள் எடுக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அவர் சொல்லிக் கொடுத்தவை இன்றும் பயன்படுகின்றன. ஹெட்செட்டை டாக்டர் கை கழுவுவதற்கு முன்பே மாட்டி, இறுக்கி, கேலிபரேஷன் முடித்துவிட வேண்டும். கையுறை போட்ட பிறகு அதைத் தொட முடியாது. நழுவினால் சரிசெய்வது, சுத்த எல்லைக்கு வெளியே நின்று உதவும் சர்குலேட்டிங் சிஸ்டர்தான், ஆகவே அவருக்கும் பழக்கித் தர வேண்டும். காற்றில் கைதூக்கித் தட்டும் சைகைகள், கையை மார்புக்கு மேலே கொண்டுபோய்ச் சுத்த எல்லையைத் தாண்டவைக்கும். குரல் கட்டளை நல்லது. ஆனால் கன்னடமும் தமிழும் ஆங்கிலமும் கலந்து ஒலிக்கும் பெங்களூர் தியேட்டரில், பேச்சுக்கு நடுவே தற்செயலாக வராத சொற்களாகத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில் வேலை செய்ய வேண்டிய கட்டளை, எல்லாப் படத்தையும் உடனே அணைப்பது. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், நிஜக் காட்சியின் மேல் காட்டிய ஏ.ஆர். படத்தோடு வேலை செய்த அறுவை மருத்துவர்கள் இலக்கைக் கூடுதல் துல்லியமாக எட்டினார்கள்; ஆனால் கண்ணெதிரே கிடந்த வேண்டாத பொருளைத் தவறவிட்டவர்களும் அவர்களிலேயே அதிகம். படத்தை எப்போதும் எரியவிடாதீர்கள்; கேட்கும்போது மட்டும் வரட்டும்.

அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள் மென்பொருளும் அடங்கும். 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் அதற்குப் பொருந்தும். நோயாளியிடம் ஆய்வு செய்ய நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் நோயாளியின் எழுத்துபூர்வச் சம்மதமும் வேண்டும். சம்மதப் படிவம் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்; ஓசூர் சாலையில் இருக்கும் மருத்துவமனைகளுக்குத் தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து வருபவர்களை நினைத்துத் தமிழிலும் தயார்செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஸ்கேன் கோப்பிலிருந்து பெயரையும் எண்ணையும் நீக்கினால் மட்டும் போதாது. தலை ஸ்கேனிலிருந்து முகத்தையே உருவாக்கிவிடலாம். முகப் பகுதியையும் மறைத்த பிறகுதான் அது உங்கள் மடிக்கணினிக்கு வர வேண்டும்.

வேலை முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றி உடனே பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அது அணிந்திருந்தவர் தலையிலேயே இருக்கும்போது, சுத்த எல்லைக்கு வெளியே அதே கிராஃப் பேப்பரை நீட்டி ஐந்து புள்ளி வைக்கச் சொல்லுங்கள். காலையில் 3 மி.மீ. இருந்தது மாலையில் 6 ஆகியிருந்தால், பட்டை நழுவிய நேரம் எது என்று தேட வேண்டும். பிறகு நெற்றிப் பட்டையைக் கழற்றித் துடைத்து, சார்ஜில் போட்டு, இரண்டு எண்களையும் தேதியோடு நோட்டில் எழுதி, சிஸ்டரிடம் கையெழுத்து வாங்குங்கள்.